நல்ல தண்ணிக் கிணறு

திருமானூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஏறி, பூவனங்குடி கைகாட்டியில் இறங்கி, “பாட்டில்காரம்மா வூடு எதுங்க?” என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பாட்டில் என்றதும் மனசை வேறு பக்கம் விட வேண்டாம். ஜெயசித்ராவின் பாட்டில் கட்டைவிரல் உயரம்தான்; உள்ளே மருந்து தடவிய ஒரு துண்டுத் தாள் இருக்கும். அதில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, இறுக மூடி, ஒன்றரை நாள் இருட்டில் வைக்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறாவிட்டால் பயமில்லை. கறுத்துப் போனால் அதில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் அவளுடைய வித்தை. இதற்காக ஊர் முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தது, அப்புறம் பயந்தது. இப்போது அவள் பாட்டிலை நீட்டினால் பேசாமல் குடத்தைச் சாய்க்கிறது.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் அவளுடைய தம்பி மனைவி சத்யப்பிரியா. அவள் இப்போது இல்லை. பட்டப்பெயர் மட்டும் இருக்கிறது.

ஜெயசித்ராவுக்கு வயது நாற்பத்து நான்கு. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். கணவர் இளையபெருமாளுக்கு ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கரும்பும். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தாய் தகப்பன் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது தம்பி மணிவேலுக்குப் பதினொரு வயது. அவனைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்து, சோறு போட்டு, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டதும் நாலு வீடு தள்ளி ஒரு வீடு கட்டிக் குடிவைத்தது எல்லாம் இவள்தான். பெரம்பலூர்ப் பக்கம் குரும்பலூரில் சத்யப்பிரியாவைப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் இவள்தான். தம்பி அவளை “அக்கா” என்று கூப்பிடுகிற கூப்பாடு தெருமுனை வரைக்கும் கேட்கும். அவன் ஒரு வாக்கியத்தில் இரண்டு அக்கா வைப்பான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

பூவனங்குடியில் தண்ணீர் இரண்டு வகை. வெகு ஆழத்துக்குத் துளைபோட்டு டேங்கில் ஏற்றி விடுவது ஒன்று. சுண்ணாம்புப் பூமி என்பதால் அது உப்புக் கரிக்கும், பருப்பை வேகவிடாது, குண்டானின் அடியில் வெள்ளை படியும். இன்னொன்று கீழத்தெரு முனையிலிருக்கும் பழைய கிணற்றுத் தண்ணீர். முப்பது அடியில் ஊற்று. ஒரு வாய் குடித்தால் இன்னொரு வாய் கேட்கும். முன்னதற்கு உப்புத் தண்ணி என்று பெயர், பின்னதற்கு நல்ல தண்ணி. குளிக்க, துணி துவைக்க உப்புத் தண்ணி. குடிக்க, உலை வைக்க நல்ல தண்ணி. அந்த ஊரில் பேசக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

கொரோனா அடங்கிய மறு வருஷம் ஒரு திட்டம் வந்தது. பணம் ஐரோப்பாவிலிருந்து, தண்ணீர் விஷயத்தில் பட்டுத் தெளிந்தவர்கள் என்று ஆலோசனைக்கு பங்களாதேஷ் விஞ்ஞானிகள், ஆள் படை நம்முடையது. மூன்று தரப்பும் கைகோத்து, அரியலூர் மாவட்டத்தில் நாற்பது ஊருக்குக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் தருவதாக ஏற்பாடு. ஊருக்கு ஒரு பெண் கணக்கெடுக்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டாவது படித்த ஜெயசித்ராவைப் பஞ்சாயத்துத் தலைவர் கைகாட்டினார். அவளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் மர்ஜியா. லப்பைக்குடிகாட்டுப் பெண். அவளுடைய வாப்பா ஷார்ஜாவில் கடை வைத்திருந்ததால் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. தமிழும் நன்றாகப் பேசுவாள். ஆனால் வளர்ந்த வீட்டில் குழாயைத் திறந்தால் ஒரே தண்ணீர். அதில் நல்லது, உப்பு என்று இரண்டு கிடையாது.

வெளிநாட்டுக்காரர்கள் தயாரித்த கேள்விகளை மர்ஜியாதான் தமிழில் பெயர்த்து டேப்லெட்டில் ஏற்றியிருந்தாள். பதினேழாவது கேள்வி: ‘நீங்கள் குடிப்பது நல்ல தண்ணீரா?’ கீழே இரண்டு கட்டம், ஆம், இல்லை. பாட்டில்கள் குறைவாகத்தான் வந்தன. அதனால் ‘இல்லை’ என்று பதில் வந்த இடத்துத் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதும் என்று ஏற்பாடு. ஜெயசித்ரா வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கேட்ட இடத்திலெல்லாம், “கெணத்துத் தண்ணிதான் குடிக்கிறோம். நல்ல தண்ணி” என்றார்கள். அவளும் ‘ஆம்’ கட்டத்தைத் தொட்டாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. டேங்க் தண்ணீர் குடிக்கிற ஏழெட்டு வீட்டுக்காரர்கள் மட்டும், “நல்ல தண்ணி இல்லம்மா, உப்புத் தண்ணி” என்றார்கள். ஆகவே டேங்க் தண்ணீரை மூன்று முறை பாட்டிலில் பிடித்தாள். மூன்று முறையும் பளிங்குபோல நின்றது. “பாட்டில்காரம்மா வர்றாங்க, கொடத்த ஒளிச்சு வைங்கடி” என்று சத்யப்பிரியா வாசலில் நின்று கத்தியது அப்போதுதான். தெருவே சிரித்தது, ஜெயசித்ராவும் சேர்ந்து சிரித்தாள்.

கடைசி நாளில் பையைக் கட்டும்போது இரண்டு பாட்டில் மிஞ்சியது. “அக்கா, இதுல கெணத்துத் தண்ணியையும் புடிச்சுப் பாத்துரலாமா?” என்று மர்ஜியா கேட்டாள்.

“நல்ல தண்ணிக்கு எதுக்கும்மா சோதனை?” என்றாள் ஜெயசித்ரா. “தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்கக் கூடாதும்பாங்க. ஊரே அதைத்தான் குடிக்குது. பாட்டிலோட போயி அது தலைமாட்டுல நின்னா நல்லாவா இருக்கும்?”

மர்ஜியா சிரித்துக்கொண்டே பாட்டில்களை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். ஜெயசித்ரா அவற்றை பீரோவில், புடவை அடுக்குக்குப் பின்னால் போட்டுவைத்தாள்.

அடுத்து கழிப்பறை கட்டினார்கள். திட்டத்தின்படி வீட்டுக்கு இரண்டு குழி, ஒவ்வொன்றும் நாலடி ஆழம். ஒன்று நிரம்பினால் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்ப வேண்டும். மூடியது மக்கி எருவாகிவிடும். நம்மூர்க்காரர்களிடமா இது நடக்கும்? “நாலடிக் குழி நாலு மாசத்துல ரொம்பிராதா? அப்புறம் அள்ளுறது யாரு, நீயா?” என்று கொத்தனாரை மடக்கினார்கள். பாவம், அவரும் பிழைக்க வந்தவர். ஒரே குழியாகத் தோண்டி, பதினெட்டு இருபது சிமெண்ட் உறை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உறை ஆழமாக இறங்குவது அந்தஸ்தாகவே ஆகிப்போனது. அதிகாரிகள் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் மூடிதானே தெரியும். மணிவேலும் பதினெட்டு உறை இறக்கினான். அவன் வீட்டுக் குழிக்கும் கீழத்தெருக் கிணற்றுக்கும் நடுவில் இருபது தப்படி. அன்றைக்கு அதை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, ஜெயசித்ராவுக்கும்தான்.

மறு வருஷம் சத்யப்பிரியா முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாசத்திலிருந்து வாந்தி. டேங்க் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி நர்சம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். “கொதிக்க வச்சா இன்னும் கரிக்குது அண்ணி, வாயில வைக்க முடியல” என்று அவள் அழுதாள். மணிவேல் சிமெண்ட் லாரியில் போனால் நாலு நாள் கழித்துத்தான் வருவான். நர்சம்மா சொன்ன தண்ணீரைத்தான் அவள் குடிக்கிறாள் என்று நினைத்திருந்தான். கிணற்றில் இறைக்கிற வேலையை வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் விடலாமா? ஜெயசித்ரா தினமும் காலையில் ஒரு குடம் இறைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டுபோய் அவள் சமையல்கட்டில் இறக்கினாள். நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ருசி போய்விடும் என்று அப்படியே மொண்டு கொடுத்தாள். “அண்ணி கையால குடிச்சாத்தான் எறங்குது” என்பாள் சத்யப்பிரியா. அந்த ஐந்து மாசமும் ஜெயசித்ரா சந்தோஷமாக இருந்தாள். அதை அவளே சொல்வாள், மறைக்க மாட்டாள்.

ஐப்பசி மழையில் கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறியது. கழிப்பறைக் குழிகளிலும் அதே தண்ணீர்தான் ஏறியது. எட்டாம் மாசம் தொடங்கி நாலாம் நாள் சத்யப்பிரியாவுக்குக் காய்ச்சல் கண்டது. சோறு பிடிக்கவில்லை, கண் மஞ்சளாயிற்று. மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் அவள் பேசுவது குழறியது. அரியலூருக்குக் கொண்டு ஓடினார்கள், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெண் குழந்தையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய்க்கு ஈரல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே அவள் போய்விட்டாள்.

“இந்தக் காமாலை தண்ணியில வர்றது. மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிரும், மாசமா இருக்கறவங்களைத்தான் கொண்டுபோயிரும். வெளியில எங்கயாச்சும் தண்ணி குடிச்சாங்களா?” என்று கேட்டார் அந்த இளவயது டாக்டர்.

“மீன்சுருட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போனோம் சார். போன மாசம்” என்றான் மணிவேல்.

பெரியப்பா மகன் வீரமுத்துவின் வீட்டுக் கல்யாணம் அது. பக்கத்தில் நின்ற ஜெயசித்ராவும் தலையாட்டினாள். மனசறிந்து பொய் சொல்லவில்லை. தான் சுமந்த குடம் அவள் நினைவுக்கே வரவில்லை. நல்ல தண்ணியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போனபின், புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள். அடுக்கின் பின்னாலிருந்து இரண்டு பாட்டிலும் உருண்டு அவள் காலடியில் விழுந்தன. டாக்டர் கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒன்றில் கோடு வரைக்கும் பிடித்து, துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். ஒன்றரை நாள்கூட ஆகவில்லை, மறுநாள் மத்தியானமே எடுத்துப் பார்த்தபோது பாட்டில் மைபோலக் கறுத்திருந்தது. இன்னொன்றிலும் பிடித்தாள். அதுவும் கறுத்தது. தன் கையால் தம்பி பெண்டாட்டியைக் கொன்றுவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. அது சரியான கணக்கா, தவறான கணக்கா என்று நாம் வாதாடலாம். அவளுக்கு வேறு கணக்கு தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தலைவரிடம் போய், “கெணத்துத் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாதுன்னு திட்டத்துல சொல்லிட்டாங்க” என்றாள். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டினார்கள். ஊர் அவளைத்தான் திட்டியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவள் வாங்கிக்கட்டிக்கொண்டாள். ஆனால் தினம் ஒரு குடம் கொண்டுபோய்க் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. இளையபெருமாளிடம்தான் சொன்னாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சொல்லி என்ன ஆவப்போவுது? போனவ வரப்போறாளா? இருக்கிற தம்பியும் போயிருவான்” என்றார். நல்ல மனுஷர், அவள்மேலிருந்த அன்பினால் சொன்னது. அவளும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பழி சும்மா கிடக்குமா, யார் தலையிலாவது ஏறி உட்காரத்தானே செய்யும்! வீரமுத்துவின் தலையில் ஏறியது. துக்கம் கேட்க வந்த மனுஷனை மணிவேல் படியேறவிடவில்லை. “ஒன் வூட்டுல தின்ன சோத்துக்குத்தான் என் பொண்டாட்டிய வாரிக் குடுத்தேன். இனிமே உன் வூட்டுப் பச்சத்தண்ணி என் தொண்டையில எறங்காது” என்றான். வீரமுத்து வாசலிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதபடி போனதை ஜெயசித்ரா தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

குழந்தைக்குத் தாயின் பெயரையே வைத்து, சத்யா என்று கூப்பிட்டார்கள். தாய்வழிப் பாட்டி மலர்க்கொடி குரும்பலூரில் வைத்து வளர்த்தாள். மணிவேல் ஓய்வு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருவான். “அக்கா, பல்லு மொளச்சிருக்குக்கா” என்பான். அவள் தட்டில் சோறு போட்டு, செம்பில் தண்ணீர் வைப்பாள். அவன் அண்ணாந்து குடிக்கிறதைப் பார்க்கப் பயந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படி ஒன்றேகால் வருஷம் போயிற்று. தை மாசம், திட்டம் எப்படி நடந்தது என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கழிப்பறை கட்டிக்கொண்டவர்களெல்லாம் பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு வர வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்ததால் மணிவேலும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். டாக்காவிலிருந்து நஸ்ரின் என்ற அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. திரையில் படங்களும் எண்களும் ஓடின. அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மர்ஜியா தமிழில் சொன்னாள்.

“பூவனங்குடியில நூத்துக்குத் தொண்ணூத்தாறு வூட்டுல பாதுகாப்பான தண்ணி குடிக்கிறாங்கன்னு உங்க கணக்கு சொல்லுதுங்க. எல்லாருக்கும் வாழ்த்து சொல்றாங்க. இந்த ஊருல நல்லா வந்ததால இதே கேள்வித்தாளை வச்சு அடுத்த மாசம் பெரம்பலூர் பக்கம் அறுபது ஊருல எடுக்கப் போறாங்க. மொதல்ல குரும்பலூர்.”

கைதட்டினார்கள். குரும்பலூர் என்ற பெயர் காதில் விழுந்ததும் ஜெயசித்ராவுக்குச் சத்யா ஞாபகம் வந்தது. கையைத் தூக்கினாள்.

“மர்ஜியா, பாதுகாப்பான தண்ணின்னு யாரு சொன்னா?”

“நீங்கதானேக்கா எழுதிட்டு வந்தீங்க? இதோ, பதினேழாவது கேள்வி. நல்ல தண்ணியா? ஆம்.”

“அதுக்கு இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு?”

“பாதுகாப்பான தண்ணியான்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

இதுவரைக்கும் அவளுக்கு அது தெரியாது. கிணற்றைச் சோதிக்காமல் விட்டது தன் அசட்டை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது, தான் தொட்ட ஒவ்வொரு ‘ஆம்’ கட்டமும் கடல்தாண்டிப் போய் வேறொன்றாக மாறிக்கொண்டது புரிந்தது. பேசாமல் உட்கார்ந்தால் தம்பி மிஞ்சுவான். ஆனால் அதே கேள்வி குரும்பலூருக்குப் போகும். அங்கேயும் யாராவது ஒருத்தி வீடு வீடாக ஏறி, நல்ல தண்ணி, நல்ல தண்ணி என்று ‘ஆம்’ கட்டத்தைத் தொட்டுக்கொண்டே போவாள். அதில் ஒரு வீட்டில் சத்யா தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். ஜெயசித்ரா எழுந்து நின்றாள். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்ல தண்ணின்னா எங்க ஊருல உப்பு கரிக்காத தண்ணிங்க. அம்புட்டுத்தான். நல்ல பாம்புன்னு சொல்றோம், அது கடிக்காதுன்னா சொல்றோம்? நீங்க ஒண்ணு கேட்டீங்க, நாங்க ஒண்ணு சொன்னோம். உப்புத் தண்ணிய மூணு தடவ பாட்டில்ல புடிச்சேன், நல்ல தண்ணிய ஒரு தடவகூடப் புடிக்கல. ரெண்டு பாட்டில் மிச்சம் இருந்தும் புடிக்கல, அந்தப் பொண்ணு கேட்டும் புடிக்கல. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் எந் தம்பி பொண்டாட்டிக்கி நான் தெனமும் கொண்டுபோயிக் குடுத்தேன். கரிக்காம குடிக்கட்டுமேன்னு, கொதிக்கக்கூட வைக்காம குடுத்தேன். அவ செத்து பதினேழாம் நாளு புடிச்சுப் பாத்தேன், கன்னங்கரேல்னு கறுத்துப்போச்சு. மீன்சுருட்டி சோத்துல ஒண்ணுமில்ல. வீரமுத்து மேல ஒரு தப்பும் இல்ல. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். தம்பி போயிருவானேன்னு சொல்லல.”

மர்ஜியா மொழிபெயர்க்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நஸ்ரின் அவள் தோளைத் தொட்டு, என்ன, என்ன என்று கேட்டார். அவள் தட்டுத்தடுமாறி சொல்லி முடித்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஊரே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. மணிவேல் எழுந்து மெதுவாக முன்னால் வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து இரண்டு பேர் குறுக்கே போனார்கள். அவன் அவர்களை விலக்கிவிட்டு நின்றான்.

“எத்தினி மாசம்?” என்றான்.

“அஞ்சு மாசம்.”

“அவ கேட்டாளா, நீயா குடுத்தியா?”

“நானாத்தான் குடுத்தேன்.”

“இனிமே உன் வூட்டுல பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்” என்றான். அதில் அக்கா என்ற சொல் இல்லை. வெளியே போய் வண்டியை எடுத்தவன் நேராக மீன்சுருட்டிக்குப் போய் வீரமுத்துவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று பிறகு சொன்னார்கள்.

எல்லாரும் போனபின்னும் நஸ்ரின் போகவில்லை. ஜெயசித்ராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அவங்க நாட்டுல பூமிக்குள்ளேர்ந்தே ஆர்சனிக் விஷம் கலந்து வர்ற குழாய்க்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடிச்சாங்களாம்க்கா” என்று மர்ஜியா சொன்னாள். “அவங்க மாமா வூட்டு வாசல் குழாய்லயும் அடிச்சிருந்தாங்களாம். தண்ணி இனிக்குதேன்னு அதையேதான் கடைசி வரைக்கும் குடிச்சாராம். இவங்க அதைப் பத்திப் படிச்சுப் பட்டம் வாங்குனவங்க. அவங்க பேச்சையே மாமா கேக்கலையாம்.” அந்த அம்மா ஒரு தாளை எடுத்து, ‘நல்ல’ என்ற சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தன் மொழி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

மர்ஜியா அன்றிரவு வாப்பாவுக்குப் போன் போட்டு அழுதாளாம். பதினேழாவது கேள்வி மாறியது. இப்போது அது மூன்று கேள்வி: நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? பாட்டிலில் பிடித்துப் பார்த்தாயிற்றா? கழிப்பறைக் குழி எத்தனை தப்படி? நல்ல தண்ணி என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று ஜெயசித்ரா ஒரே பிடியாக நின்றாள், அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பூவனங்குடியில் ஆழக் குழிகளை மணலும் சிமெண்டும் போட்டு அடைத்து, நாலடியில் இரட்டைக் குழி தோண்டினார்கள். ஒரு சாவு விழுந்த பிறகு யாரும் கொத்தனாரை மடக்கவில்லை.

குரும்பலூருக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். ஜெயசித்ரா கேட்டு வாங்கிக்கொண்டு தானே போனாள். மலர்க்கொடியின் வீட்டு வாசலில் போய் நின்றபோது அந்த அம்மாள் உள்ளே வா என்று சொல்லவில்லை. மகளைப் பறிகொடுத்தவள், எப்படிச் சொல்வாள்? ஆனால் பாட்டிலைப் பார்த்ததும் குடத்தைச் சாய்த்தாள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் எடுத்த தண்ணீர். அங்கேயும் நல்ல தண்ணி என்றுதான் பெயர். இரண்டாம் நாள் ஜெயசித்ரா திரும்பிப் போய், வேலிக்கு வெளியிலேயே நின்று கறுத்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். மலர்க்கொடி உள்ளே போய் ஒவ்வொரு குடமாக எடுத்துவந்து முற்றத்தில் கொட்டினாள். கடைசியில் குழந்தையின் சின்ன டம்ளரிலிருந்ததையும் கொட்டினாள்.

அதற்குப் பிறகும் மணிவேல் வரவில்லை. எதிரே வந்தால் மறுபக்கம் ஒதுங்கிப் போவான். ஆடி வந்தது, தீபாவளி வந்தது, அடுத்த பொங்கலும் போயிற்று. ஜெயசித்ரா ஒவ்வொரு மாசமும் ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சமையல்கட்டு ஜன்னலின் மேல்தட்டில் வரிசையாக வைப்பாள். வலை போட்ட கிணற்றிலும் பிடிப்பாள். மூன்று மாசமாக அது கறுக்கவில்லை. திறந்துவிடலாமே என்று தலைவர் கேட்டதற்கு, இன்னொரு மழை போகட்டும் என்றாள். ஒப்புக்கொண்டதில் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்களை அவளிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளுக்கு ஒன்றும் லேசாகவில்லை. சோறு போடும்போதெல்லாம் இன்னொரு தட்டு எடுக்கக் கை போகும்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. மணிவேல் நின்றுகொண்டிருந்தான், இடுப்பில் குழந்தை. குரும்பலூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்திருக்கிறான். தன் வீட்டைத் தாண்டி நாலு வீடு நடந்து வந்திருக்கிறான். செருப்பைக் கழற்றாமல் நின்றான். ஜெயசித்ராவுக்கு வா என்று சொல்லவும் பயமாக இருந்தது.

“தண்ணி” என்றது குழந்தை.

அவள் அப்பன்காரனின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலில் வரிசையாக இருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சோதிச்சதா?” என்றான்.

“டேங்க் தண்ணிதான். நேத்துப் பாத்தாச்சு. கொதிக்க வச்சு ஆத்தினது.”

அவன் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டான். அது ஓடிவந்து அவள் புடவையைப் பிடித்தது. டம்ளரில் மொண்டு கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, உப்புக்கு முகத்தைச் சுளித்து, டம்ளரை அப்பாவிடம் நீட்டியது. சுளித்த முகம் அப்படியே சத்யப்பிரியாவின் முகம். மணிவேல் செருப்பைக் கழற்றினான். படியேறி வந்து, குழந்தையின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, மிச்சத்தை அண்ணாந்து குடித்தான்.

“உப்பாத்தான்க்கா இருக்கு” என்றான்.

ஜெயசித்ரா இன்னொரு டம்ளர் மொள்ள உள்ளே திரும்பினாள். இருபத்தைந்து வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிற தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.